காவல் மென்பொருளும் திறவாத கணினியும்

புதுக்கோட்டைச் சீமையின் பழங்கல்வெட்டுகளைப் பயின்றவர்களுக்குப் பாடிகாவல் என்னும் ஏற்பாடு புதிதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து பதினைந்தாம் நூற்றாண்டு வரையில், படையெடுப்பும் கொள்ளையும் மலிந்து கிடந்த காலத்தில், ஊரார் கூடிப் பேசித் தம் ஊரின் காவலுரிமையை அண்டையிலிருந்த அரையர் ஒருவருக்கு எழுதிக்கொடுத்து, அதற்கு ஈடாக நிலமும் விளைச்சலில் பங்கும் அளித்த செய்திகள், சமஸ்தானத்தார் 1929-ஆம் ஆண்டில் அச்சிட்ட கல்வெட்டுத் தொகுதியில் பலவாகக் காணக்கிடக்கின்றன. அவ்வாறு காவலைப் பெற்ற அரையர்கள் நாளடைவில் ஊர் நிர்வாகத்திலும் செல்வாக்குப் பெற்றுச் சிற்றரசர்களாகவே வளர்ந்தனர் என்பது சரித்திர ஆசிரியர்கள் கண்ட முடிவு. காப்பவனுக்கு எல்லா வாயில்களையும் திறந்துவிட்டாலன்றி அவனால் காக்க முடியாது. திறந்துவிட்ட பின்னரோ அவன் ஒரு கணம் தவறினாலும் ஊர் முழுவதும் தவித்துப்போகும். இந்தப் பழைய சங்கடம், நம் காலத்தில், கணினிகளைக் காப்பதற்கென்று எழுதப்படும் மென்பொருள்களின் சரித்திரத்தில் மறுபடியும் தலையெடுத்திருக்கிறது. அச்சரித்திரத்தைப் பெரிய நகரங்களின் விமான நிலையங்களையும் வங்கிகளையும் வைத்தே எழுதுவது வழக்கமாகிவிட்டது. கீரமங்கலத்தைப் போன்ற ஒரு பேரூரில் பழுது நீக்கும் மேசையருகே நின்று பார்த்தால்தான் அதன் முழு உருவமும் புலப்படும் என்பது என் அபிப்பிராயம்.

ஆலங்குடி, அறந்தாங்கி, பேராவூரணி ஆகிய ஊர்களுக்கு நடுவே அமைந்த கீரமங்கலம், பூ விளையும் பூமி என்றே வெளியூர்களில் பெயர் பெற்றது. முல்லையும் மல்லிகையும் கனகாம்பரமும் சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்து குவிந்து, விலை பேசப்பட்டுப் பல ஊர்களுக்குப் பிரிந்து செல்லும் இத்தகைய பேரூர்களுக்குக் கணினி என்னும் யந்திரம் பெரிய ஸ்தாபனங்களின் வழியாக வந்து சேரவில்லை. கல்யாணப் பத்திரிகை அடித்துத் தரும் டி.டி.பி. கடை, புகைப்பட ஸ்டுடியோ, ஜெராக்ஸ் கடை, தட்டச்சுப் பள்ளியாக இருந்து கம்ப்யூட்டர் சென்டராக உருமாறிய மாடி அறை, பிரவுசிங் சென்டர், பிற்காலத்தில் இ-சேவை மையம் என்று சிறு சிறு கடைகளின் வழியாகவே அது மெல்ல ஊருக்குள் நுழைந்தது. இக்கடைகளில் பெரும்பாலும் யந்திரம் ஒன்றே. அது நின்றுபோனால் மாற்று இல்லை. முகூர்த்த மாதத்தில் ஸ்டுடியோக்காரரின் கணினி திறவாமற் போனால், ஒரு குடும்பத்தாரின் வாழ்நாட் படங்கள் அத்தனையும் அதனுள்ளே அகப்பட்டுக்கொள்ளும். சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கக் கடைசித் தேதியன்று வந்த மாணவன் வாசலிலே காத்துக் கிடப்பான். ஆகையால் சிற்றூர்களில் கணினிப் பழுது நீக்குபவரின் தொழில், வைத்தியத்துக்கு அடுத்தபடியாக அவசரமும் பொறுப்பும் வாய்ந்த தொழிலாயிற்று.

காவல் மென்பொருள் ஏன் யந்திரத்தின் ஆரம்பக் கட்டத்திலேயே வந்து அமர்ந்துகொள்கிறது என்பதை விளங்கிக்கொள்ள, 1986-ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். லாகூர் நகரைச் சேர்ந்த பாசித் ஃபாரூக் ஆல்வி, அம்ஜத் ஃபாரூக் ஆல்வி என்னும் சகோதரர் இருவர் இயற்றிய 'பிரெயின்' என்னும் வைரஸ், ஃபிளாப்பித் தகட்டின் முதற்பகுதியாகிய பூட் செக்டரில் குடிகொண்டது. மின்சாரம் பாய்ந்த மாத்திரத்தில் கணினிக்குத் தன் சொந்த அறிவென்று அதிகமாக ஒன்றும் இராது. தகட்டின் அந்த முதற்பகுதியைப் படித்து, அங்கே எழுதியிருப்பதை அப்படியே நிறைவேற்றும். அவ்விடத்தில் அமர்ந்துவிட்ட வைரஸ், இயங்குதளமே விழிப்பதற்கு முன்னர் விழித்துக்கொள்கிறது. தனக்குப் பின்னால் விழிக்கும் காவலனை அது எளிதில் ஏமாற்றிவிடும். ஆகவே காவலனும் இயன்றவரை முந்தி விழித்தாக வேண்டும் என்னும் நியதி, இத்தொழிலின் பிள்ளைப் பிராயத்திலேயே ஏற்பட்டுவிட்டது.

மார்ச் 6-ஆம் தேதியன்று விழித்துத் தகட்டை அழிக்கும்படி எழுதப்பட்ட 'மைக்கலாஞ்சலோ' வைரஸ், 1992-இல் உலகெங்கும் பெரும் பீதியை உண்டாக்கியது. புனே நகரில் கால்குலேட்டர் பழுது பார்க்கும் தொழிலில் தொடங்கிக் கணினிப் பழுதுக்கு வந்த கைலாஷ் காட்கரின் கடைக்கும் இத்தகைய நோயுற்ற யந்திரங்கள் வரத் தலைப்பட்டன. அவருடைய தம்பி சஞ்சய் காட்கர் அந்த வைரஸை நீக்க எழுதிய சிறு நிரலே, 1990-களின் நடுவில் 'குவிக் ஹீல்' என்னும் வியாபாரப் பொருளாக வளர்ந்தது. அதற்கும் முன்னதாகவே, 1991-இல், நம் சென்னையில் ஜெ. கேசவர்த்தனன் தொடங்கிய கே7 கம்ப்யூட்டிங் ஸ்தாபனத்தின் காவல் மென்பொருள் பிற்காலத்தில் ஜப்பான் தேசத்திலும் பரவலாக விற்பனையாயிற்று. இந்தியாவில் இத்தொழில் பழுது நீக்கும் மேசையிலிருந்து பிறந்தது என்பதை நான் விசேஷமாகச் சொல்ல விரும்புகிறேன். பழுதை நீக்கிய கைகளே காவலையும் படைத்தன. 1999-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் தேதி, தைவானைச் சேர்ந்த சென் இங்-ஹாவ் எழுதிய சி.ஐ.எச். வைரஸ் விழித்து, தகட்டில் உள்ளவற்றை அழித்ததோடு நில்லாமல், தாய்ப்பலகையிலுள்ள பயாஸ் நிரலையும் சிதைத்துப் பல யந்திரங்களை முற்றிலும் உயிரற்றவையாக்கிய பின்னர், காவல் மென்பொருள் இல்லாத கணினியை விற்பதற்குக் கடைக்காரர்களும் அஞ்சினார்கள்.

காவலின் அதிகாரம் இவ்வாறு வளர்ந்துகொண்டே போயிற்று. சாதாரண நிரல் ஒன்று தனக்கு உரிமையில்லாத நினைவகப் பகுதியைத் தொட முயன்றால், இயங்குதளம் அந்த நிரலை மட்டும் நிறுத்திவிட்டுத் தன் காரியத்தைப் பார்க்கும். ஆனால் காவல் மென்பொருளின் முக்கிய அங்கம், கெர்னல் என்னும் மையப்பகுதிக்குள்ளேயே, டிரைவர் என்ற உருவில் ஓடுகிறது. அங்கே பிழை நேர்ந்தால் அதைத் தடுத்து ஆட்கொள்ள மேலதிகாரி ஒருவரும் இல்லை. தகட்டிலுள்ள விவரங்கள் கெட்டுப்போவதைக் காட்டிலும் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவதே மேல் என்று விண்டோஸ் தீர்மானித்துவிடுகிறது. நாம் அஞ்சும் நீலத்திரை அந்தத் தீர்மானத்தின் அறிவிப்பேயாகும். ஆரம்பத்திலேயே ஏறும் டிரைவர் ஆனபடியால், மறுபடி இயக்கினாலும் அதே பிழை, அதே திரை, மறுபடியும் ஆரம்பம் என்று யந்திரம் சுழன்றுகொண்டே இருக்கும்.

மற்றொரு வகை விபத்தும் உண்டு; அதில் காவல் மென்பொருள் தான் இடறுவதில்லை, இயங்குதளத்தின் உயிர்நிலையான கோப்பொன்றைப் பகையென்று பிழையாக எண்ணிச் சிறையில் அடைத்துவிடுகிறது. 2007-ஆம் ஆண்டு மே 18-ஆம் தேதி, சைமான்டெக் ஸ்தாபனத்தின் புதுப்பிப்பு ஒன்று, எளிய சீன எழுத்திலமைந்த விண்டோஸ் எக்ஸ்.பி.யின் இரண்டு கணினிக் கோப்புகளை இவ்வாறு அகற்றிவிட, சீனாவில் ஏராளமான யந்திரங்கள், அத்தியாவசியப் பகுதிகளோடு மட்டும் எழும் சேஃப் மோடிலும்கூடத் திறவாமல் நின்றன. மறு ஆண்டு நவம்பரில் ஏ.வி.ஜி. மென்பொருளின் சில மொழிப் பதிப்புகள் விண்டோஸின் யூசர்32 என்னும் கோப்பைத் திருட்டு நிரலெனக் கருதி நீக்கின. அதற்கு முன்னரே, 2005 ஏப்ரலில், டிரெண்ட் மைக்ரோவின் புதுப்பிப்பொன்று யந்திரத்தின் முழுச் சக்தியையும் விழுங்கி, ஜப்பானில் இரயில்வேயையும் செய்திப் பத்திரிகைகளையும் ஸ்தம்பிக்கச் செய்திருந்தது.

இவை எல்லாவற்றினும் பாடமாகக் கொள்ளத்தக்கது 2010-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் தேதியன்று நிகழ்ந்தது. மெக்காஃபி ஸ்தாபனம் அன்று வெளியிட்ட 5958 என்னும் எண்ணுள்ள புதுப்பிப்பு, விண்டோஸ் எக்ஸ்.பி.யின் மூன்றாம் சர்வீஸ் பேக் ஓடிய யந்திரங்களில், எஸ்விசிஹோஸ்ட் என்னும் கோப்பை வைரஸாகத் தீர்ப்பிட்டது. விண்டோஸின் பல பின்னணிச் சேவைகள் அந்த ஒரு கோப்பின் தோளிலேறி ஓடுபவை. அது போனவுடன் வலைத் தொடர்பு அறுந்தது, யந்திரம் தானே நின்று மறுபடி மறுபடி தொடங்கியது. அமெரிக்காவில் மருத்துவமனைகளும் ஆஸ்திரேலியாவில் பல்பொருள் அங்காடிகளும் அன்று திண்டாடின. இதில் கவனிக்க வேண்டிய கொடுமை யாதெனில், திருத்தத்தை ஸ்தாபனம் விரைவில் வெளியிட்டபோதிலும், வலைத் தொடர்பையே இழந்த கணினிக்கு அத்திருத்தம் வலை வழியே போய்ச் சேர வகையில்லை. ஒருவர் எழுந்து சென்று, ஒவ்வொரு யந்திரத்தையும் சேஃப் மோடில் திறந்து, திருத்தக் கோப்பை இட்டு, விண்டோஸ் தன் அந்தரங்க இருப்பில் வைத்திருக்கும் மற்றொரு பிரதியிலிருந்து எஸ்விசிஹோஸ்டை மீண்டும் நகலெடுத்து வைக்க வேண்டியிருந்தது. பழுது ஒரே நொடியில் உலகெங்கும் பரவக்கூடியது. பரிகாரமோ ஆள் சென்று கை வைத்தாலன்றி ஆகாதது.

அந்தக் கைவித்தையைச் சிற்றூர்ப் பழுது நீக்குவோர் எந்தப் பாடசாலையிலும் கற்கவில்லை. 'சிஸ்டம் ஆன் ஆகவில்லை' என்றோ 'லோகோவோடு நின்றுவிடுகிறது' என்றோ சொல்லிக்கொண்டு பெட்டியைத் தூக்கிவரும் வாடிக்கையாளரிடம், தேர்ந்த தொழிலாளி முதலில் கேட்பது, 'கடைசியாக என்ன போட்டீர்கள்?' என்பதே. மின்வெட்டு மிகுந்திருந்த ஆண்டுகளில் மின் வழங்கியும் தகடும் பழுதாவது சகஜமாக இருந்தபடியால், பெட்டியைத் திறந்து, ரேம் பலகையைக் கழற்றி, அதன் தங்கநிறத் தொடுமுனைகளை ரப்பரால் தேய்த்து மறுபடி பொருத்திப் பார்த்து, உடற்கூறில் குற்றமில்லை என்று நிச்சயம் செய்துகொண்ட பின்னரே அடுத்த படிக்குச் செல்வார்கள். பிறகு எஃப்8 விசையை அழுத்திச் சேஃப் மோடில் திறப்பார்கள். விண்டோஸ் தன் அத்தியாவசியப் பரிவாரங்களை மட்டும் அழைத்துக்கொண்டு எழும் நிலை அது. அந்நிலையில் யந்திரம் செவ்வனே எழுந்துவிட்டால், குற்றம் வெளியே நிறுத்தப்பட்ட யாரோ ஒருவரிடம் இருக்கிறது என்பது உடனே தெளிவாகும். அப்படி வெளியே நிற்பவர்களில், சந்தேகத்துக்கு முதலில் உரியது காவல் மென்பொருளாகவே இருந்தது.

அதற்குக் காரணமும் இருந்தது. ஓராண்டு உரிமத்தோடு விற்கப்பட்ட ஆன்டிவைரஸ் சி.டி.யின் தவணை முடிந்ததும், பழையதை நீக்காமலே புதியதொன்றை அதன்மேல் போடும் வழக்கம் ஊர்ப்புறங்களில் பரவியிருந்தது. இலவசமாகக் கிடைப்பதென்று மூன்றாவதொன்றைத் தம்பியோ மருமகனோ பென்டிரைவில் கொண்டுவந்து ஏற்றியிருப்பார். ஒரு கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு தருணத்திலும் இடைமறித்துச் சோதிப்பது இவற்றின் இயல்பு. ஒன்று சோதிப்பதை மற்றொன்று சோதிக்க, அதை முதலாவது மறுபடி சோதிக்கத் தொடங்கினால் இரண்டும் ஒன்றையொன்று எதிர்பார்த்து உறைந்துபோகும், வாடிக்கையாளர் லோகோவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். பாதி நீக்கப்பட்ட மென்பொருள் இதனினும் தொல்லை தருவது. அதன் பெயர் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். அதன் டிரைவரோ அடித்தளத்தில் தங்கிப் போய், தன் தலைமை நிரலைக் காணாமல் வலைத் தொடர்பைக் கெடுத்துக்கொண்டிருக்கும். அதை வேரோடு அகற்றுவதற்கென்று தயாரிப்பாளர்களே தனி நீக்கக் கருவிகளை வெளியிட்டிருக்கிறார்கள் என்பதும், அவற்றைச் சேஃப் மோடில் ஓட்டுவதே உத்தமம் என்பதும், தொழிலாளிகள் ஒருவரிடமிருந்து ஒருவர் செவிவழியாகக் கற்ற சாஸ்திரம்.

சேஃப் மோடும் கைகொடுக்காத சந்தர்ப்பத்தில் ஹைரன்ஸ் பூட் சி.டி. வெளிவரும். உள்ளே இருக்கும் விண்டோஸைத் தொடாமல், தகட்டின் வழியாகவே வேறொரு சிறு இயங்குதளத்தை எழுப்பி, காவலன் உறங்கும் நேரத்தில் வீட்டுக்குள் புகுந்து, அவனுடைய டிரைவர் கோப்பின் பெயரை மாற்றிவைத்துவிட்டு வருவது அந்த முறை. மறுபடி இயக்கும்போது விண்டோஸ் அந்தக் கோப்பைத் தேடிக் காணாமல், அதனை விடுத்தே எழுந்துவிடும் சந்தர்ப்பங்கள் பல. வைரஸ் எழுதியவன் கண்ட உண்மையும் பழுது நீக்குபவன் கண்ட உண்மையும் ஒன்றே என்பது என்னை வியப்பில் ஆழ்த்துகிறது: யார் முந்தி விழிக்கிறானோ யந்திரம் அவனுக்குச் சுவாதீனம்.

இவ்வித்தையை அறியாதவர்களும் அறிந்தும் நேரமில்லாதவர்களும் கைக்கொண்ட எளிய வழி, ஃபார்மட் அடிப்பது. அதை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். சில நூறு ரூபாய்க்கு 'ஓ.எஸ். போட்டு'த் தருவது சுலபம். ஆனால் சி டிரைவின் டெஸ்க்டாப்பிலேயே எல்லாவற்றையும் வைத்திருக்கும் ஊர்ப்புறத்து வாடிக்கையாளருக்கு, அந்த ஒரு செயலால் போவது பல ஆண்டுக் கணக்கும் படங்களுமாகும். ஒரு டிரைவர் கோப்பை நகர்த்தினால் தீர்ந்துபோகும் பழுதுக்கு, வீட்டையே இடித்துக் கட்டியவர்கள் எத்தனையோ பேர். நோயின் மூலத்தை நாடாத அவ்வழக்கத்தால், காவல் மென்பொருள் விளைத்த விபத்துகளில் பெரும்பகுதி, வைரஸின் கணக்கிலேயே எழுதப்பட்டு மறைந்துபோயின.

2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், இவ்விஷயத்தில் ஒரு புதிய வாய்ப்பைக் கொண்டுவந்தது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்புப் படித்த பிள்ளைகளுக்கு எல்காட் ஸ்தாபனத்தின் வாயிலாக வாங்கி வழங்கப்பட்ட தொடக்கக்கால மடிக்கணினிகளில், விண்டோஸ் 7-இன் ஸ்டார்ட்டர் பதிப்போடு, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் என்னும் லினக்ஸ் இயங்குதளமும் இருந்தது. பூவும் தேங்காயும் விளையும் கிராமங்களில், வீட்டில் முதன்முதலாக நுழைந்த கணினி இதுவாகவே பலருக்கு அமைந்தது. விண்டோஸ் திறவாமற் போனால், ஆரம்பத் திரையில் பாஸைத் தேர்ந்துகொண்டு, அதன் வழியே கோப்புகளையும் காப்பாற்றலாம், முரண்டுபிடிக்கும் டிரைவரையும் அகற்றலாம், தனிச் சி.டி.யே வேண்டியதில்லை. இந்த அரிய உபகாரத்தை மாணவர்களுக்கு எடுத்துச் சொன்னவர் சிலரே. பாடல்களும் படங்களும் பென்டிரைவ்களில் கைமாறக் கைமாறப் புகுந்த வைரஸுக்கு அஞ்சி ஆன்டிவைரஸ் போட்டு, அது யந்திரத்தை மந்தமாக்க, மறுபடி விண்டோஸ் போட்டபோது, பாஸுக்குச் செல்லும் ஆரம்பத் தேர்வுத் திரை அழிந்துபோயிற்று. தகட்டில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு, திறக்க வழியின்றி, அந்த இரண்டாம் இயங்குதளம் பல மடிக்கணினிகளில் கிடந்தது.

பின்னர் 2012-இல் விண்டோஸ் 8-உடன் மைக்ரோசாஃப்ட்டின் டிஃபெண்டரே முழுக் காவல் மென்பொருளாக உடன் வரத் தொடங்கியதும், சிறு கடைகளில் பழைய தொல்லை வெகுவாகக் குறைந்தது. கூடவே எஃப்8 விசையின் பழைய செல்வாக்கும் போயிற்று. 2018 ஜனவரியில், செயலியின் குறைபாட்டுக்கு மைக்ரோசாஃப்ட் அளித்த திருத்தம் சில காவல் மென்பொருள்களோடு ஒத்துப்போகாமல் நீலத்திரை விளைத்தது. 2019 ஏப்ரலில், விண்டோஸ் 7-இன் மாதாந்தரப் புதுப்பிப்பு, சோஃபோஸ், அவாஸ்ட், அவிரா முதலியவை ஓடிய யந்திரங்களை ஆரம்பத்திலேயே உறையச் செய்தது. இவை பழைய கதையின் மறுபதிப்புகளே.

2024-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை, இந்திய நேரம் 9.39 மணிக்கு நிகழ்ந்ததோ அளவில் அதுவரை காணாதது. கிரௌட்ஸ்டிரைக் என்னும் அமெரிக்க ஸ்தாபனம், பெரிய நிறுவனங்களின் கணினிகளைக் காக்கும் தன் ஃபால்கன் மென்பொருளுக்கு, 291 என்னும் எண்ணுள்ள சிறு விவரக் கோப்பொன்றை அனுப்பியது. அந்தப் புதிய விவரம் 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது. யந்திரத்தில் ஓடிய நிரலோ 20 மட்டுமே அளித்தது. இல்லாத இருபத்தோராவதைத் தேடி டிரைவர் தனக்கு உரிமையில்லாத நினைவகத்தைத் தொட்டது. கெர்னலில் ஓடியபடியால் யந்திரம் முழுவதும் வீழ்ந்தது. 10.57 மணிக்குப் பிழையான கோப்பைத் திரும்பப் பெற்றார்கள். அந்த 78 நிமிஷங்களில் பாதிக்கப்பட்ட கணினிகள் 85 லட்சம் என்பது மைக்ரோசாஃப்ட்டின் மதிப்பு. சென்னை உட்பட நாட்டின் விமான நிலையங்களில் விமானமேறும் அனுமதிச் சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். இண்டிகோ ஏறத்தாழ 200 விமானங்களை ரத்துச் செய்தது. பத்து வங்கிகளிலும் நிதி நிறுவனங்களிலும் சிறு இடையூறு நேர்ந்ததென்று ரிசர்வ் வங்கி அறிவித்தது. ஃபால்கன் பெரிய நிறுவனங்கள் வாங்கும் பொருளாதலால், ஸ்டுடியோக்களிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் இருந்த சாதாரணக் கணினிகளை அந்தப் பிழை தீண்டவில்லை. கிரௌட்ஸ்டிரைக்கின் தலைவர் ஜார்ஜ் கர்ட்ஸ், 2010-இல் மெக்காஃபியின் தொழில்நுட்பத் தலைமைப் பதவியில் இருந்தவர் என்பது சரித்திரத்தின் விசித்திரச் சேர்க்கைகளுள் ஒன்று.

அன்று உலகத்தின் மாபெரும் நிறுவனங்களுக்குச் சொல்லப்பட்ட பரிகாரம் யாது? சேஃப் மோடிலோ மீட்புச் சூழலிலோ யந்திரத்தைத் திறந்து, டிரைவர்கள் இருக்கும் இடத்துக்குச் சென்று, அந்த 291-ஆம் கோப்பை அழித்துவிட்டு மறுபடி இயக்குக என்பதே. கீரமங்கலம் போன்ற ஊர்களின் மாடி அறைகளில் எத்தனையோ இளைஞர்கள் பல்லாண்டுகளாகச் செய்துவந்த அதே காரியத்தை, உயர்ந்த சம்பளம் பெறும் பொறியாளர்கள் அன்று ஒவ்வொரு யந்திரமாகச் செய்துகொண்டு போனார்கள். மேகக் கணினிகளைப் பதினைந்து முறை வரையில் திரும்பத் திரும்ப இயக்கிப் பார்க்கும்படியும் மைக்ரோசாஃப்ட் யோசனை கூறியது, பின்பு யு.எஸ்.பி. மூலம் எழுப்பும் மீட்புக் கருவி ஒன்றையும் வெளியிட்டது. ஆனால் பலரைத் திணறடித்தது மற்றொரு பூட்டு. தகட்டைப் பிட்லாக்கர் முறையில் குறியாக்கி வைத்திருந்த கணினிகள், மீட்புச் சூழலில் தகட்டைத் திறக்க முயன்றபோது, 48 இலக்கமுள்ள மீட்புச் சாவியைக் கேட்டன. அச்சாவிகளைச் சேமித்துவைத்த சேவையகங்களும் சில இடங்களில் அதே பிழையால் வீழ்ந்து கிடந்தன.

அதன்பின், காவல் மென்பொருளைக் கெர்னலுக்கு வெளியே ஓடச் செய்யும் ஏற்பாட்டை மைக்ரோசாஃப்ட் தொடங்கி, 2025-இல் அதைக் காவல் ஸ்தாபனங்களின் பரிசோதனைக்கு அளித்தது. திறவாத கணினி தானே மீட்புச் சூழலில் வலையோடு தொடர்புகொண்டு திருத்தம் பெறும் முறையும் விண்டோஸ் 11-இல் அவ்வாண்டே சேர்ந்தது. நல்ல மாறுதல்கள்தாம். ஆயினும் அதே விண்டோஸ் 11, 2024-இன் பதிப்பிலிருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாக அமைக்கப்படும் வீட்டுக் கணினிகளிலும் தகட்டைத் தானாகவே குறியாக்கிவிடுகிறது. மீட்புச் சாவி அந்தக் கணக்கில் போய்ச் சேர்கிறது. சிற்றூர்களில் புதுக் கணினியை அமைத்துத் தருபவர் பெரும்பாலும் விற்ற கடைக்காரரே; கணக்கும் அவர் கையாலேயே, சில சமயம் அவருடைய தொலைபேசி எண்ணிலேயே, தொடங்கப்படுகிறது. வாங்கியவருக்குக் கணக்கின் பெயரும் தெரியாது, சாவி என்று ஒன்று இருப்பதும் தெரியாது. இனி ஒரு நாள் அந்த யந்திரம் திறவாமல் பழுது நீக்கும் மேசைக்கு வரும்போது, பழைய வித்தைகள் எவற்றாலும் உள்ளே புக இயலாது. ஆதலால் விற்கும் அன்றே, வாங்குபவரின் பெயரிலேயே கணக்கைத் தொடங்கி, அந்த 48 இலக்கங்களையும் தாளில் எழுதி ரசீதோடு சேர்த்துக் கொடுக்கும் வழக்கத்தை நம் ஊர்க் கடைக்காரர்கள் மேற்கொள்ள வேண்டும். வாங்குபவர்களும் அதைக் கேட்டுப் பெறாமல் கடையை விட்டு இறங்கலாகாது.